முன்னமே படித்தவரும் ஒற்றைக்காதுச் சமையல்காரரும்

கதை பார்க்க உட்காருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. கதையைப் பார்க்கிறவர்கள் ஒரு வகை. கதை பார்க்கிறவர்களைப் பார்க்கிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகைக்கு இதுவரை யாரும் முறையாகப் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. ஆகவே நானே வைத்துவிடுகிறேன்: முன்னமே படித்தவர்.

இவரை நீங்கள் சந்தித்திருக்கிறீர்கள். ஜப்பானிலிருந்து புதிதாக ஒரு அனிமேத் தொடர், அதாவது கார்ட்டூன் தொடர், வருகிறது, நாலு பேர் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்களே என்று நீங்களும் ஆசையாக உட்காருகிறீர்கள், முதல் காட்சியிலேயே மழை பிடித்துக்கொள்கிறது, குடையில்லாமல் ஒரு பெண் ஓடிவருகிறாள், யார் இவள், எதற்கு இப்படி ஓடுகிறாள் என்று உங்கள் மனசில் லேசாக ஒரு கேள்வி முளைக்கிறது. சரியாக அந்தக் கணத்தில் பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு பெருமூச்சு வரும் பாருங்கள். அவர்தான்.

"மங்காவுல இந்த மழை மூணு பக்கத்துக்குப் பெய்யும்," என்பார்.

மங்கா என்பது தொடருக்கு முன்னால் வந்த படக்கதைப் புத்தகம். அதைத்தான் அவர் பக்தியோடு 'மூலம்' என்பார். அவர் மூலத்தைக் கரைத்துக் குடித்தவர். நீங்களோ வெறும் திரையைப் பார்க்கிற அப்பாவி. உங்கள் மேல் அவருக்குக் கோபமில்லை. இரக்கம்தான். அந்த இரக்கத்தைத்தான் தாங்க முடியாது.

"நான் ஒண்ணும் சொல்லல. நீங்க பாருங்க," என்பது அவருடைய இரண்டாவது வசனம். இதற்குப் பொருள், இன்னும் நாலு நிமிஷத்தில் சொல்லிவிடுவேன் என்பது. மூன்றாவது வசனம், "பதினோராவது எபிசோட் வரைக்கும் பொறுங்க." ஏன் பதினொன்று என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் புன்னகை செய்வார். அந்தப் புன்னகையிலேயே யார் செத்தார்கள், யார் துரோகி, யார் யாருக்கு அண்ணன் என்பதெல்லாம் அச்சடித்த மாதிரி இருக்கும். வீடியோ கேம் பக்கம் தப்பித்து ஓடலாம் என்று நினைக்கிறீர்களா? மூன்று நாள் விரல் தேயப் போராடி ஒரு ராட்சசனைச் சாய்த்துவிட்டு நீங்கள் எழுந்து குதிக்கும்போது, "எந்த லெவல்ல ஆடுனீங்க?" என்று அமைதியாகக் கேட்பார். நீங்கள் சொல்வீர்கள். "ஓ," என்பார். அந்த ஒரு 'ஓ'வில் உங்கள் ராட்சசன் பூனைக்குட்டியாகிவிடும்.

இந்த இனத்தில் எனக்கு நெருங்கிப் பழக்கமான ஒருவருக்கு நேர்ந்ததைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

நம்மவருக்கு வயது நாற்பத்தொன்று. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணைச் சோதித்து, பவர் பார்த்து, கண்ணாடியை ஃபிரேமின் வளைவுக்கு ஏற்றபடி அரைத்துப் பொருத்திக் கொடுப்பார். கைவேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் சோதனை அறையில் மட்டும் ஒரு சிக்கல். சுவரில் தொங்கும் எழுத்து அட்டையில் வாடிக்கையாளர் கடைசி வரிக்கு வருவதற்குள் இவர் உதடு தானாக அசைய ஆரம்பித்துவிடும். அந்த அட்டையையும் இவர் முன்னமே படித்தவர் அல்லவா? இவர் உதட்டைப் பார்த்தே முழு அட்டையையும் படித்து முடித்துவிட்டு, கண் பிரமாதமாக இருக்கிறது என்ற சந்தோஷத்தோடு வெளியே போய்க் கதவில் முட்டிக்கொண்டவர்கள் உண்டு.

வாய் திறந்தால் "மூலத்துல இப்படி இல்ல" என்று சொல்லிச் சொல்லியே இவருக்கு நண்பர்கள் மத்தியில் 'மூலம்' என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது. கடை வாசலில் நின்று யாராவது "மூலம் இருக்காரா?" என்று சத்தமாகக் கேட்பார்கள். பக்கத்து மருந்துக்கடைக்காரர் இதைப் பல நாள் கேட்டுவிட்டு, ஒருநாள் ரகசியமாக ஒரு களிம்புக் குழாயைக் கையில் திணித்து, "காரத்தைக் குறைங்க, நிறைய தண்ணி குடிங்க. வெக்கப்பட வேண்டியதே இல்ல," என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். இவரும் விளக்கம் சொல்லவில்லை. அனிமே, மங்கா என்று ஆரம்பித்து அவருக்குப் புரியவைப்பதற்கு நோய் இருப்பதாகவே ஒப்புக்கொண்டுவிடலாம்.

இவர்கள் கூடிப் பேச 'மூலமே முதல்' என்று செல்போனில் ஒரு குரூப். ஜெராக்ஸ் கடைக்காரர்தான் நடத்துகிறார். ஒரு பல் டாக்டரம்மா, இன்னும் முப்பது முப்பத்தைந்து பேர். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எபிசோட் வரும். ஆறரைக்கு முடியும். ஆறு முப்பத்தொன்றுக்குச் சண்டை தொடங்கும். எந்தச் சண்டையானாலும் தீர்ப்பு நம்மவருடையது. அவர்கள் கொண்டாடுகிற 'கண்ணாடித் துறைமுகம்' மங்காவின் ஐந்தாம் புத்தகத்தை ஒன்பது தடவை படித்தவர் இவர் ஒருத்தர்தான்.

எல்லாம் இருந்தும் ஒரு மனக்குறை. குரூப்பில் இருக்கிற அத்தனை பேரும் முன்னமே படித்தவர்கள். ஒருத்தருக்கும் எதுவும் புதிதில்லை. அதிர்ச்சியடைய ஆளில்லாத ஊரில் ரகசியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தும் மனைவியைக் கல்யாணமான புதிதில் உட்காரவைத்துப் பார்த்தார். இரண்டாவது எபிசோடில் அவள், "நீங்க டிவியப் பாக்கறீங்களா, என்னப் பாக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்தவள்தான்.

இந்த நிலைமையில்தான் மாமியார் வந்து சேர்ந்தார்.

மாமியார் கோர்ட்டில் முப்பத்திரண்டு வருஷம் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சி சொல்லச் சொல்ல, ஒரு சொல் கூடாமல் குறையாமல் அடித்துத் தள்ளியவர். கணவர் போய் மூன்று வருஷமாகிறது. தனியாகத்தான் இருந்தார். இரண்டு கண்ணிலும் புரை எடுத்ததும், சொட்டு மருந்து போட ஆள் வேண்டுமே என்று மகள் கூட்டிவந்துவிட்டாள். ஒரு நாளைக்கு நாலு வேளை மருந்து. கண் விஷயம் என்பதால் அது நம்மவர் பொறுப்பு. கடைக்கும் வீட்டுக்கும் எட்டு நிமிஷ நடை. மத்தியானச் சொட்டுக்கு ஓடிவந்து போட்டுவிட்டு ஓடுவார். அந்த விஷயத்தில் தங்கமான மனிதர்.

இரண்டாவது வாரம் மாமியாருக்குப் பார்வை தெளிந்தது. தெளிந்ததும் சோபாவிலிருந்து எழுந்த முதல் கேள்வி: "மாப்பிள்ளை, கீழ எழுத்து ஓடுதே, அதுல ஒரு எழுத்துப்பிழை இருக்கு. யாரும் திருத்த மாட்டாங்களா?"

நம்மவர் அப்போது அந்தக் 'கண்ணாடித் துறைமுகம்' தொடராக வந்ததில் முதல் எபிசோடை மூன்றாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வருஷத்துக்கு ஓரடியாகக் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு துறைமுக ஊர். கப்பல்களுக்கு வழிகாட்டும் வேலை பழகுகிற, எந்நேரமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிற ஒரு பெண். அவளைத் திட்டிக்கொண்டே சோறு போட்டு வளர்க்கிற, ஒரு காது மட்டுமே உள்ள கப்பல் சமையல்காரர். இதுதான் கதை.

"இந்தாளுக்கு இன்னொரு காது எங்க?" என்றார் மாமியார்.

நம்மவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கேட்டுவிட்டார்! எட்டு வருஷமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி!

"நான் ஒண்ணும் சொல்லல அத்தை. நீங்க பாருங்க," என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு புது வழக்கம். சாயங்காலச் சொட்டு மருந்து போட்டுப் பத்து நிமிஷம் கண்ணை மூடியிருந்துவிட்டு, மாமியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "ம், போடுங்க," என்பார். ஜப்பானியப் பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை. சமையக்காரர், மூஞ்சியத் தூக்குற பொண்ணு, வெள்ளத்தலை என்று தானே பெயர் வைத்துக்கொண்டார். "அவருக்குன்னு ஒரு பேரு இருக்கு அத்தை," என்று இவர் மன்றாடினால், "இருக்கட்டும், அவர் கூப்பிட்டா நான் வரப்போறனா, நான் கூப்பிட்டா அவர் வரப்போறாரா," என்று முடித்துவிடுவார். ஆனால் கதையை விழுங்கினார். சமையல்காரர் திட்டினால் சிரித்தார். அந்தப் பெண் அழுதால், "போய் அந்த சூப்பக் குடிடி முதல்ல," என்று திரையைப் பார்த்து அதட்டினார். கோபம் வந்தால் சமையல்காரர் மனுஷர்களை விட்டுவிட்டு அண்டாவிடம் பேசுவார். அந்த இடம் வந்தபோது மாமியார், "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். அவரு சமைச்ச கேன்டீன்ல சண்ட வந்தா கரண்டிகிட்ட தான் நியாயம் கேப்பாரு," என்றார்.

நம்மவர் இதையெல்லாம் எங்கிருந்து பார்த்தார்? சோபாவின் எதிர்ப்பக்கத்திலிருந்து, டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. திரையில் என்ன ஓடுகிறது என்பது இவருக்குக் காதாலேயே தெரியும். கண்ணுக்கு மாமியார் முகம் ஒன்றே போதும். அது ஒரு அற்புதமான முகம். ஒவ்வொரு திருப்பத்துக்கும் புருவம் தனியாக, உதடு தனியாக, கன்னம் தனியாக வேலை செய்யும். குரூப்பில் அன்றன்றைக்கு அறிக்கை போட்டார்: 'இன்று படிக்கட்டுக் காட்சி. அத்தை வாயில் கை வைத்தார். மூலத்தை அறியாத தூய மனம்!' முப்பது இதயங்கள் வந்து விழுந்தன.

ஏழாவது எபிசோட் முடிந்த சாயங்காலம் அது நடந்தது.

மாமியார் நல்ல குஷியில் இருந்தார். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "பாத்துக்கிட்டே இருங்க மாப்பிள்ளை. இந்த சமையக்காரர் கடைசியில அந்தப் பொண்ணுக்குத் தன் கையாலயே ஒரு படகு செஞ்சு குடுப்பாரு. அதுல ஏறி அவ போவா. இவரு கரையில நின்னு திட்டிக்கிட்டே கையாட்டுவாரு."

"இருக்கும் அத்தை" என்று சொல்லியிருக்கலாம். "டீ போதுமா?" என்று கேட்டிருக்கலாம். இருமியிருக்கலாம். மனுஷனுக்கு இறைவன் எத்தனை வழி வைத்திருக்கிறான்!

நம்மவர் ஒரு பெருமூச்சு விட்டார். "அதுக்கு அவரு இருக்கணுமே அத்தை," என்றார்.

டீயை ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது. மாமியார் இவர் முகத்தைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷம் கூண்டில் நின்ற சாட்சிகளைப் பார்த்த கண்கள், அதிலும் புதிதாகப் புரை எடுத்த கண்கள்.

"செத்துடுவாரா?"

"நான் ஒண்ணும் சொல்லலையே அத்தை..."

"சொல்ல வேணாம். மூஞ்சியே சொல்லுது." ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலைச் சொட்டு மருந்துக்கு இவர் பாட்டிலோடு போனபோது, "அவ போடுவா," என்று மகளைக் கூப்பிட்டார். அதுதான் தண்டனை. திட்டவில்லை, முகத்தைத் திருப்பவில்லை, சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை என்று வழக்கம்போலக் கேட்டார். ஆனால் கண்ணை மட்டும் இவரிடம் ஒப்படைக்க மறுத்துவிட்டார். சாயங்காலங்களில் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ரேடியோவில் செய்தி கேட்டார்.

"ஏங்க, மூணு வருஷத்துல எங்கம்மா சிரிச்சுச் சத்தமாப் பேசினது இந்த ரெண்டு வாரந்தான்," என்றாள் மனைவி, சாதம் வடிப்பதைப் போலச் சாதாரணமாக. "ஒரே வாக்கியத்துல முடிச்சு வச்சுட்டீங்க."

நம்மவருக்குப் பொறுக்கவில்லை. ஆறுதலுக்கு எங்கே போவார்? குரூப்புக்குப் போனார். நடந்ததை ஒளிக்காமல் எழுதி, 'நான் செய்தது தவறா?' என்று கேட்டார்.

இருநூற்றுப் பதிமூன்று பதில்கள் வந்தன.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அச்சாகி வந்த சாவு எப்படி ரகசியமாகும் என்று ஜெராக்ஸ் கடைக்காரர் ஆரம்பித்தார். 'இருக்கணுமே' என்பது ஐயமா, கூற்றா, ஐயமென்றால் குற்றமில்லையே என்று பல் டாக்டரம்மா இலக்கணத்துக்குள் இறங்கினார். ஒருவர் வாக்கெடுப்பு வைத்தார். இன்னொருவர், வாக்கெடுப்பின் கேள்வியிலேயே சமையல்காரர் சாவது தெரிந்துவிடுகிறது, புதியவர்கள் மனம் புண்படும் என்று கண்டித்தார். அங்கிருந்து ஐந்தாம் புத்தகத்தின் மொழிபெயர்ப்பு சரியா தவறா என்று திரும்பி, இரண்டு பேர் குரூப்பை விட்டே வெளியேறினார்கள். அதில் ஒருத்தர், தான் ஏன் வெளியேறினேன் என்று விளக்குவதற்காக மறுபடி உள்ளே வந்தார். இருநூற்றுப் பதிமூன்றில் ஒரே ஒரு பதிலாவது 'அத்தை எப்படி இருக்கிறார்?' என்று கேட்டதா? இல்லை. நம்மவர் மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை தேடிப் பார்த்தார். தேடிக்கொண்டிருக்கும்போதுதான், இதே இடத்தில் வேறு யாருடைய அத்தையாவது இருந்திருந்தால் தானும் கேட்டிருக்க மாட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

மறுநாள் மத்தியானம் சொட்டு மருந்து வேலை இல்லாமலே வீட்டுக்கு வந்தார். மாமியார் ஜன்னலோரம் இருந்தார்.

"மன்னிச்சுக்குங்க அத்தை. தெரியாம வாயில வந்துடுச்சு."

"தெரிஞ்சதாலதான் மாப்பிள்ளை வந்துச்சு. தெரியாம இருந்திருந்தா எப்படி வரும்?" என்றார் மாமியார். கோபமில்லை. பிழை திருத்துகிற குரல்தான்.

மாமியார் பக்கத்திலிருந்த ஸ்டூலைக் காட்டினார்.

"உங்க மாமாவுக்கு முடியாமப் போச்சுல்ல, அப்ப டாக்டர் என்னக் கூப்பிட்டு மூணு மாசம்னு சொல்லிட்டாரு. அவருகிட்ட சொல்லல, எனக்கு மட்டும். நல்லதுக்குத்தான் சொன்னாரு. ஆனா அந்த மூணு மாசம் நான் மனுஷனப் பாக்கவே இல்ல மாப்பிள்ளை. அவரு சிரிச்சா, ஐயோ சிரிக்கிறாரேன்னு இருக்கும். பாட்டுக் கேட்டா, ஐயோ கேக்குறாரேன்னு இருக்கும். எதுத்தாப்புல உக்காந்து பேசிட்டிருக்காரு, நான் கடைசிப் பக்கத்தப் படிச்சிட்டிருக்கேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இப்ப அந்த சமையக்காரர் வந்தாலும் எனக்கு அப்படித்தான் இருக்கும். அதான் வேணாம்னுட்டேன். உங்க மேல ஒண்ணுமில்ல."

உங்க மேல ஒண்ணுமில்ல என்று சொன்னதுதான் நம்மவருக்குத் தாங்கவேயில்லை. கடைக்குத் திரும்பி, அன்று மத்தியானம் ஒரு கண்ணாடியை வலது இடது மாற்றி அரைத்தார். பதினேழு வருஷத்தில் முதல் தடவை.

பன்னிரண்டாவது எபிசோட் வந்த சனிக்கிழமை அவர் வீட்டில் பார்க்கவில்லை. டிவியைப் போட மனசு வரவில்லை. ஆறு மணிக்குக் கடையின் சோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மோவாய் வைக்கிற தாங்கியில் செல்போனை நிறுத்தி, மடியில் ஐந்தாம் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டார். சமையல்காரர் சாகும் எபிசோட். ஊருக்குள் கடல் புகுகிறது. அடித்தளத்து இரும்புக் கதவை உள்ளேயிருந்துதான் மூட முடியும். சமையல்காரர் இறங்குகிறார். கட்டத்துக்குக் கட்டம், வசனத்துக்கு வசனம் மூலத்தின்படி. நம்மவர் திருப்தியோடு பக்கம் புரட்டினார். கதவு மூடியது. திரை கறுத்தது. இனி அந்தப் பெண்ணின் கடைசி வசனம். இவர் உதடு முன்கூட்டியே அசைந்தது.

கதவு திறந்தது.

தலையில் அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்து, இருக்கிற ஒரு காதிலும் தண்ணீர் புகுந்துவிட்டது என்று உலகத்தையே திட்டிக்கொண்டு, சமையல்காரர் மேலே ஏறி வந்தார்.

நம்மவர் எழுந்த வேகத்தில் தாங்கி சாய்ந்தது, செல்போன் விழுந்தது. புத்தகத்தைப் பார்த்தார். செத்திருந்தார். போனை எடுத்துப் பார்த்தார். உயிரோடு இருந்தார்.

முதலில் வந்தது கோபம்தான், மறைப்பானேன். குரூப் கொதித்துக்கொண்டிருந்தது. துரோகம், கொலை என்றார்கள். சாகவேண்டியவரைச் சாகவிடாததற்குக் கொலை என்று பெயர் வைத்தவர்கள் இவர்கள்தான். ஜெராக்ஸ் கடைக்காரர் போனிலேயே கூப்பிட்டுவிட்டார்.

"அண்ணே, நீங்கதான் எழுதணும். ஐந்தாம் புத்தகத்துக்கு உங்கள விட்டா யாரு இருக்கா? கண்டனம்னா அப்படியே நெருப்பாட்டம் இருக்கணும். எல்லாரும் வெயிட் பண்றாங்க."

"எழுதறேன் தம்பி," என்றார். அங்கேயே உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தார். 'மூலத்தைக் காலில் போட்டு மிதித்த கயவர்களே! சமையல்காரர் உயிரோடு இருப்பதை நாங்கள் ஒருபோதும்...'

அங்கே விரல் நின்றது. சமையல்காரர் உயிரோடு இருக்கிறார். அவர் அடித்த வாக்கியம்தான். ஆனால் அதன் அர்த்தம் அப்போதுதான் அவருக்கு எட்டியது.

கடையைப் பூட்டினாரா, பூட்டு சரியாக விழுந்ததா என்று கூடப் பார்க்கவில்லை. எட்டு நிமிஷ நடையை மூன்று நிமிஷத்தில் ஓடி, மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறி, "அத்தை! சமையக்காரர்..." என்று வாயெடுத்துக் கடைசிப் படியில் அப்படியே நின்றுவிட்டார்.

சொன்னால்? சாகப்போகிறார் என்று சொன்னது எந்தக் குற்றமோ, சாகவில்லை என்று சொல்வதும் அதே குற்றம்தானே? பயமில்லாமல் பார்ப்பது ஒரு பார்வையா? சொல்லாவிட்டால் மாமியார் பார்க்கவே போவதில்லை. சொன்னால் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. நம்மவர் படியில் நின்று மூச்சு வாங்கினார். முகம் வேறு தன் பாட்டுக்கு மலர்ந்து கிடந்தது. கன்னத்தைப் பிடித்து இறக்கிப் பார்த்தார். விட்டால் மறுபடி மேலே போனது. கடைசியில், வாசலில் செருப்பு அலமாரியின் மேல்தட்டில் இருந்த மாமியாரின் கறுப்புக் கண்ணாடி கண்ணில் பட்டது. ஆபரேஷன் முடிந்ததும் கொடுத்த, காதோரம் வரை மூடுகிற பெரிய கண்ணாடி. எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

மாமியார் ரேடியோவைக் குறைத்தார். "என்ன மாப்பிள்ளை, உங்களுக்கும் புரை எடுத்துட்டாங்களா?"

"அத்தை, மிச்ச எபிசோட நீங்க பாக்கணும். நான் ஒண்ணும்..." பழைய வசனம் வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினார். "நான் அந்த ரூம்லயே இருக்க மாட்டேன். வேணும்னா வீட்ட விட்டே போயிடறேன். நீங்க மட்டும் பாருங்க."

"எதுக்கு? நீங்க சொன்னது மாறிப்போச்சா?"

நம்மவர் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே வியர்வை இறங்கியது.

மாமியார் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சொன்னார்: "பாதியில நிறுத்தின கேஸு எனக்கும் உறுத்திக்கிட்டேதான் இருக்கு. சாகறதா இருந்தா கூட இருந்து பாத்துட்டு எந்திரிக்கலாம். நாளைக்கு மத்தியானம் போடுங்க. நீங்க சமையல் ரூம்ல. கதவு மூடியிருக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஐந்து எபிசோட், இரண்டு மணி நேரத்துக்கு மேல். நம்மவர் சமையலறையில் நின்றார். கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினார். கதவுக்கு அந்தப் பக்கம் இசை மாறுவது கேட்டது. எட்டு முடிந்தது, ஒன்பது முடிந்தது. பன்னிரண்டு ஆரம்பித்ததும் குழாயை மூடிவிட்டுக் கதவில் காதை வைத்துக்கொண்டார். ஏழு எபிசோடாக எந்தக் காட்சிக்கு மாமியார் முகம் எப்படிப் போகும் என்று பார்த்துப் பார்த்து மகிழ்ந்தவர், இந்த ஒரு காட்சிக்கு அந்த ஒரு முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார். கதவைத் தள்ளினால் போதும். தள்ளவில்லை. அவர் வாழ்க்கையில் செய்த பெரிய காரியம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இரும்புக் கதவு மூடும் சத்தம். அமைதி. பிறகு சமையல்காரர் திட்டும் சத்தம்.

மாமியாரிடமிருந்து ஒன்றுமே இல்லை. ஒரு நிமிஷம் போனது. பெருமூச்சு இல்லை, சிரிப்பு இல்லை. பிறகு நாற்காலி நகர்ந்தது. சமையலறைக் கதவு திறந்தது. மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கண்ணத் தேய்க்காதீங்க அத்தை, இன்னும் ஆறல," என்று இவர் பதறினார்.

"வந்துட்டாரு மாப்பிள்ளை." மாமியாருக்குக் குரல் உடைந்து சிரிப்பாக வந்தது. "அண்டாவத் தலையில போட்டுக்கிட்டு வராரு! போயிட்டாரு போயிட்டாருன்னு நானும் ஒவ்வொரு நிமிஷமும் நெனச்சுக்கிட்டே உக்காந்திருக்கேன், வந்து நிக்கிறாரு, ஈரத்தோட!" ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டார். பிறகு அந்தக் கோர்ட்டுக் கண்களால் இவரை நேராகப் பார்த்தார். "உங்க புஸ்தகத்துல செத்துடறாரா?"

ஐந்தாம் புத்தகம். நூற்றெண்பத்திரண்டாம் பக்கம். ஒன்பது தடவை. கண்ணை மூடினால் அந்தப் பக்கத்தின் மை வாசனை வரும்.

"எனக்கு ஞாபகமில்ல அத்தை," என்றார் நம்மவர்.

மாமியார் நம்பினாரா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். "சரி," என்றார். "சாயங்கால மருந்துக்கு நேரமாச்சு. நீங்களே போட்டு விடுங்க. அவ போட்டா பாதி கன்னத்துலதான் விழுது."

அடுத்த சனிக்கிழமை இருவரும் சோபாவில் ஒரே பக்கமாக உட்கார்ந்தார்கள். கதை புத்தகத்தை விட்டுத் தனி வழியே போய்க்கொண்டிருந்தது. நடுவில் விளக்குக் கோபுரம் அணைந்தபோது நம்மவர் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயையோ, இனிமே என்ன ஆகும் அத்தை?" என்று கேட்டார். "எனக்கென்ன தெரியும், பேசாமப் பாருங்க," என்றார் மாமியார். குரூப்பில் அந்தக் கண்டனம் இன்னமும் எழுதப்படவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கிறார்.

ஆள் திருந்திவிட்டார் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். போன வாரம் பேருந்தில் ஒரு பெண் 'கண்ணாடித் துறைமுகம்' ஐந்தாம் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாளாம். இவர் பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "தொடர்ல இப்படி இல்லம்மா," என்று ஆரம்பித்திருக்கிறார். அந்தப் பெண் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். அது அவள் இறங்கவேண்டிய நிறுத்தம் இல்லை.

நல்ல வேளை, நமக்கு அந்த வியாதி இல்லை என்று நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். எனக்கும் அதில் சந்தேகமில்லை. சும்மா ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சமையல்காரர் பிழைத்துவிடுவார் என்று நீங்கள் எந்தப் பத்தியில் கண்டுபிடித்தீர்கள்? கதவு திறப்பதற்குக் கொஞ்சம் முன்னாலா? ரொம்ப முன்னாலேயேவா? அப்போது உங்கள் உதட்டோரத்தில் சின்னதாக ஒரு புன்னகை வந்ததே, அதைப் பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் பார்த்துவிடவில்லையே?